கோடை வந்தாச்சு, வெளியே பார்க்க என்ன இருக்கு? வாசகர் கேள்வி பதில்

பங்குனி பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் விதவிதமான வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வருகிறது: "எல்லாம் காய்ந்து கிடக்கிறது, மழைக்காலம் வந்த பிறகு பறவை, செடிகொடி என்று பார்க்கப் போகலாமா?" காத்திருக்க வேண்டாம், இப்போதே போங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் பங்குனியும் சித்திரையும் கூடு கட்டும் மாதங்கள், பூக்கும் மாதங்கள். பல மரங்களில் இலை குறைவாக இருப்பதால் பறவை கண்ணில் படுவதும் இப்போதுதான் சுலபம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் இரண்டு மணி நேரம், சாய்ந்த பிறகு ஒரு மணி நேரம் போதும். இந்த இதழில் கோடைக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

எங்கள் தெருவில் உச்சி வெயிலில் யாரோ பாத்திரக் கடையில் தகடு தட்டுவது மாதிரி 'டுக் டுக் டுக்' என்று விடாமல் சத்தம் கேட்கிறது. பறவை என்கிறார்கள். பல நாள் தேடியும் கண்ணில் படவில்லை. என்ன பறவை? (பணி ஓய்வு பெற்ற வாசகர்)

செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிது, பச்சை நிறம், நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், தடித்த குட்டை அலகு. இத்தனை நிறம் இருந்தும் இலைக்குள் உட்கார்ந்துவிட்டால் தெரியவே தெரியாது. குரல் கொடுக்கும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், அதனால் சத்தம் ஒரு முறை இடது பக்க மரத்திலிருந்தும் அடுத்த முறை வலது பக்க மரத்திலிருந்தும் வருவது போல இருக்கும். நீங்கள் தேடிக் களைத்ததற்குக் காரணம் இதுதான். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஒரே சீராகக் கத்தும், அதுவும் மற்ற பறவைகள் வாயை மூடிக்கொண்டு நிழலில் ஒதுங்கியிருக்கும் நேரத்தில்.

மதியம் தேடாதீர்கள். அதிகாலையில் வெயில் முதலில் விழும் மொட்டைக் கிளையைப் பாருங்கள், குளிர்காய அங்கே வந்து உட்காரும். ஆல், அரசு, அத்தி எது பழுத்திருந்தாலும் அங்கே கட்டாயம் வரும். கண்ணில் பட்டதும் தொண்டையைக் கவனியுங்கள். அலகைத் திறக்காமலேயே ஒவ்வொரு 'டுக்'குக்கும் தொண்டை உப்பி அடங்கும். அப்புறம் பக்கத்தில் பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாகக் கிளையின் அடிப்பக்கத்தை. சரியான வட்டத்தில் ஒரு ஓட்டை தெரிந்தால் அதுதான் வீடு, தானே அலகால் கொத்திக் குடைந்தது. உங்கள் தெருவில் யாராவது "பட்ட கிளை, வெட்டிவிடலாம்" என்று ஆரம்பித்தால், ஆள் தலையில் விழும் ஆபத்து இல்லாத கிளை என்றால், ஆடி வரைக்கும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மாசியில் வேப்பமரம் மொட்டையாக நின்றது. இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் பங்குனியில் முழுக்கத் துளிர்த்துப் பூவும் வைத்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் எப்படி? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. (ஆசிரியை)

பிள்ளைகள் கேட்டது இந்தப் பருவத்தின் மிக நல்ல கேள்வி. வேம்பு மட்டும் இல்லை, புங்கு, அரசு, இலுப்பை எல்லாமே இந்த வேலையைச் செய்கின்றன, வறட்சியின் நட்ட நடுவில்.

மரம் தண்ணீரை இழப்பது பெரும்பாலும் இலை வழியாக. பழைய இலைகளை உதிர்த்துவிட்டால் அந்தச் செலவு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆனால் வேர் வேலையை நிறுத்துவதில்லை, மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும் ஆழத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. செலவு நின்று வரவு தொடர்ந்தால் அடிமரத்திலும் கிளைகளிலும் நீர் சேரும். அந்தச் சேமிப்பில்தான் மொட்டு விரிகிறது. மார்கழிக்குப் பிறகு பகல் நீண்டுகொண்டே வருவதும் பல மரங்களுக்கு 'கிளம்பு' என்ற செய்தி.

மழை வந்த பிறகு துளிர்த்தால் என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. மழை பெய்ததும் புழு பூச்சிகள் பெருகும், எல்லாவற்றுக்கும் கொழுந்துதான் பிடிக்கும். மழை வரும் நேரத்தில் வேம்பின் இலை முற்றிக் கடினமாகிவிட்டால் அவ்வளவு சுலபமாகத் தின்ன முடியாது, மழைக்காலம் முழுக்க அந்த இலையை வைத்து உணவு தயாரித்துக்கொள்ளலாம். அரச மரத்தின் கொழுந்து செம்பு நிறமாக, இலுப்பைக் கொழுந்து செக்கச் செவேலென்று இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தச் சிவப்பு நிறப்பொருள், இன்னும் பச்சையம் நிறையாத மெல்லிய இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது.

விதைக் கணக்கும் இருக்கிறது. வேப்பம் விதைக்கு முளைக்கும் திறன் நீண்ட நாள் தங்காது, சில வாரங்களிலேயே குறைந்துவிடும். பங்குனியில் பூத்தால் ஆனி, ஆடியில் பழம் விழும், விழும் இடத்தில் ஈரம் இருக்க வாய்ப்பு அதிகம். புங்கின் கணக்கு வேறு: இன்றைக்குப் பூக்கும் பூ காயாகி முற்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுக்கும். அதனால்தான் புங்க மரத்தில் போன வருடத்துக் காய்ந்த நெற்றும் இந்த வருடத்துப் பூவும் ஒரே கிளையில் தெரிகின்றன. பள்ளி வளாகத்தில் இந்த இரண்டு மரமும் இருந்தால் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு கிளையில் நூல் கட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை கொழுந்து, முற்றிய இலை, மொட்டு, பூ, காய் எது இருக்கிறது என்று எழுதினால் போதும். இந்தியா முழுக்க இதே முறையில் மரங்களைக் கவனித்துப் பதிவு செய்யும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இருக்கிறது, பள்ளிகளும் சேரலாம். உங்கள் பிள்ளைகளின் குறிப்பு அங்கே உண்மையான ஆய்வுத் தகவலாகச் சேரும்.

எங்க வீட்டுத் திண்ணைக்குக் கீழே மண்ணில் புனல் மாதிரி குட்டிக் குட்டிக் குழி நிறைய இருக்கு. அம்மா குழியானைன்னு சொன்னாங்க. அது உள்ளே என்ன பண்ணும்? (ஏழாம் வகுப்பு மாணவன்)

அம்மா சொன்னது சரி, தம்பி. மழை படாத, காய்ந்த, பொடி மண்தான் அதற்கு வேண்டும், அதனால் கோடைதான் அதைப் பார்க்க நல்ல நேரம். பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டம் போட்டுப் போட்டு, தலையால் மண்ணை வெளியே வீசிக் குழியைத் தோண்டும். அடியில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கொடுக்கு மாதிரி இருக்கும் தாடை இரண்டை மட்டும் திறந்து வைத்திருக்கும். எறும்பு ஓரத்தில் கால் வைத்தால் மண் சரியும். எறும்பு மேலே ஏறப் பார்த்தால் கீழேயிருந்து மண்ணை வாரி அடிக்கும், இன்னும் சரியும். பிடித்துவிட்டால் எறும்பின் உடம்புக்குள் இருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டு வெற்றுத் தோலை வெளியே எறியும். குழியைச் சுற்றி லேசான கறுப்புக் குப்பை தெரிகிறதா பார், அது அந்தத் தோல்கள்.

இன்னொன்று. குழியானை முழு வளர்ச்சியடைந்த பூச்சி இல்லை, அது இளம்புழு. மண்ணுக்குள்ளேயே உருண்டையாகக் கூடு கட்டி, பிறகு தட்டான் போல நீளமான, மெல்லிய இறக்கை வைத்த பூச்சியாக வெளியே வரும். புழுவாக இருக்கும் வரை அது கழிவை வெளியேற்றுவதே இல்லை, எல்லாவற்றையும் உடம்புக்குள் சேர்த்து வைத்திருக்கும். ஒரு குழியைக் கலைத்துவிட்டு எவ்வளவு நேரத்தில் திரும்பக் கட்டுகிறது என்று பார்க்கலாம், ஆனால் ஒரே குழியைத் திரும்பத் திரும்பக் கலைக்காதே, அது பட்டினி கிடக்கும்.

வீடு கட்ட வாங்கிப் போட்ட மனையில் ஆள்காட்டி முட்டை வைத்திருக்கிறது, நாலு முட்டை. அடுத்த வாரம் மண் நிரவ ஜேசிபி வரப்போகிறது. முட்டைகளை மெதுவாக எடுத்துப் பக்கத்து மனையில் வைத்துவிடலாமா? (குடும்பத் தலைவி)

வேண்டாம். இடம் மாற்றிய முட்டையை ஆள்காட்டி பெரும்பாலும் ஏற்பதில்லை, அது அந்த இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. தவிர, முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடைகாக்க மொத்தம் நாலு வாரம் ஆகும். முட்டை வைத்து எத்தனை நாளானது என்று உங்களுக்குத் தோராயமாகத் தெரிந்தால் மீதி நாளைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், குஞ்சு பொரித்த பிறகு கூட்டில் தங்காது. உடம்பு காய்ந்ததும் எழுந்து அம்மா அப்பா பின்னால் ஓடிவிடும், ஒரு நாளுக்குள் இடம் காலியாகிவிடும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது மூன்று வாரத் தாமதம், அதுவும் முழு மனைக்கு இல்லை. கூட்டைச் சுற்றிப் பத்தடிக்கு நாலு கல் நட்டு, ஓட்டுநரிடம் நேரில் காட்டி, மற்ற பக்கத்தை முதலில் நிரவச் சொல்லுங்கள். பறவை பயந்து பறந்து கத்தும், தலைக்கு மேல் பாய்ந்து வரும், வண்டி தள்ளிப் போனதும் திரும்பி வந்து உட்காரும். வண்டி ஓடும் நேரத்தை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, நடுப்பகலில் அது முட்டையை விட்டு விலகியிருந்தால் வெயிலே முட்டையைக் கெடுத்துவிடும்.

இந்த மூன்று வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சாதாரணக் காட்சி இல்லை. கொஞ்சம் தூரத்திலிருந்து, சன்னலோ திண்ணையோ இருந்தால் அங்கிருந்து, மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை பாருங்கள். அந்த வெயிலில் ஆள்காட்டி முட்டைகளுக்குச் சூடு கொடுப்பதற்காக உட்காருவதில்லை, நிழல் கொடுக்க நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ஜோடிப் பறவை வந்து மாற்றிக்கொள்ளும். வருவதற்கு முன் அது பக்கத்துக் குட்டையிலோ கழிவுநீர் ஓடையிலோ நின்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வரும். அந்த ஈரத்தோடு முட்டை மேல் அமரும், முட்டை குளிரும். பொரித்த குஞ்சுகளையும் இப்படித்தான் குளிர வைக்கிறது. பக்கத்தில் தண்ணீர் இல்லை என்றால் கூட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கிட்டே மட்டும் போகாதீர்கள், நீங்கள் போகும் பாதையைக் காகமும் நாயும் கவனித்துக்கொண்டிருக்கும்.

குயில் கோடையில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை, வருடம் முழுக்க இங்கேயேதான் இருக்கிறது. மற்ற மாதங்களில் கூவுவது குறைவு, அவ்வளவுதான். கூவுவது ஆண், பளபளப்பான கறுப்பு, சிவந்த கண். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் பட்டையுமாகப் பழுப்பு நிறத்தில் 'கிக் கிக் கிக்' என்று கத்திக்கொண்டு கிளை விட்டுக் கிளை ஓடுவது பெண், அதைப் பலர் வேறு பறவை என்றே நினைக்கிறார்கள். காகம் கூடு கட்டும் காலம்தான் குயிலுக்கு முட்டை வைக்கும் காலம். காக்கைக் கூட்டைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் இரண்டின் நாடகத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளை எல்லாம் தள்ளிவிட்டுவிடும் என்று எழுதுகிறார்கள், இந்தக் குயில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. முன்னதாகப் பொரித்துவிடுவதால் தீனி வாங்குவதில் முந்திக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து வளர்வதும் உண்டு.

விடுதிக்குப் பின்னால் ஒரு காலி மனை. எருக்கும் குப்பையும் தவிர ஒன்றும் இல்லை. காட்டுக்குப் போக வசதி இல்லாத என் போன்றவர்கள் என்னதான் பார்ப்பது? (கல்லூரி மாணவி)

எருக்கு இருக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு இந்தக் கோடைக்கு வேறு எதுவும் தேவையில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு எருக்கஞ்செடி முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். முதலில் நுனிக் கொழுந்து. மஞ்சள் நிற அசுவினி அப்பிக்கொண்டு இருக்கும், அவற்றின் இனிப்புக் கழிவை நக்க எறும்பு வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அடுத்து இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளையாகக் குண்டூசித் தலை அளவில் தனியாக ஒட்டியிருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டையாக இருக்கலாம். புழு வந்த பிறகு சந்தேகமே வராது: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள், முதுகில் கறுப்புக் கொம்பு போல மூன்று ஜோடி. இலை நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, பால் குறைந்த பகுதியைத் தின்பதையும் சில நேரம் பார்க்கலாம். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது, வண்ணத்துப்பூச்சியான பிறகும் அது தங்கிவிடுகிறது. தின்று பார்த்த பறவை வாந்தி எடுத்து, அந்த ஆரஞ்சு நிறத்தை மறக்காது. அதனால்தான் வெந்தய வரியன் அவ்வளவு மெதுவாக, அவசரமே இல்லாமல் பறக்கிறது. நஞ்சே இல்லாத இன்னொரு வண்ணத்துப்பூச்சி இனத்தில் பெண் மட்டும் அதே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது.

பூவுக்கு வாருங்கள். நடுவில் கிரீடம் போல ஐந்து பட்டை. பெரிய கருவண்டு, மரத்தைத் துளைத்துக் கூடு வைக்குமே அந்தத் தேனீ இனம், ஒவ்வொரு பூவாக வந்து தொங்கும். எருக்கின் மகரந்தம் பொடியாக இருப்பதில்லை, இரண்டு மெழுகுப் பொட்டலமாக ஒரு கவ்வியில் கோத்திருக்கும். வண்டின் கால் பூவின் இடுக்கில் சிக்கி இழுபடும்போது அந்தக் கவ்வி காலில் மாட்டிக்கொள்ளும், அடுத்த பூவில் பொட்டலம் போய்ச் சேரும். வண்டு உட்கார்ந்திருக்கும்போது காலை உற்றுப் பாருங்கள், சின்ன மஞ்சள் பொட்டலம் தொங்குவது தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் நீலமும் மஞ்சளுமாக வரி ஓடிய எருக்கு வெட்டுக்கிளியும் அங்கே இருக்கும். ஒரு எச்சரிக்கை, பால் பட்ட கையைக் கண்ணில் வைக்கவே கூடாது, உடனே கழுவிவிடுங்கள்.

எருக்கைப் பார்த்து முடித்த பிறகு அந்த மனையில் துத்தி, ஆவாரை, நெருஞ்சி, கோவை எது இருக்கிறது என்று தேடுங்கள். துத்திப் பூவைக் காலையில் பார்த்தால் மூடித்தான் இருக்கும், மாலையில் போங்கள். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வெள்ளைப் பூவுக்குக் கீழே குட்டிக் காய் போலப் புடைப்பு இருந்தால் பெண். செங்காந்தளை மட்டும் இப்போது தேடாதீர்கள், அது மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும் காலம் இது.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறோம். எதுவும் வருவதில்லை.

பாத்திரம் ஆழமாக இருக்கும். இரண்டு விரல் ஆழம் போதும், சொரசொரப்பான மண் தட்டு நல்லது, நடுவில் ஒரு கல் வையுங்கள், தேனீயும் சின்னப் பறவையும் அதில் உட்கார்ந்து குடிக்கும். நிழலில் வையுங்கள், ஆனால் பூனை பதுங்கும் புதரை ஒட்டி வேண்டாம். தினமும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசுவும் நோயும்தான் மிச்சம். வந்து பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

மே மாத விடுமுறையில் வேடந்தாங்கல் போகலாமா?

அதற்குள் பெரும்பாலான பறவைகள் கிளம்பியிருக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் அங்கே கூட்டம். தெற்கே இருப்பவர்கள் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குச் சித்திரைத் தொடக்கத்தில் போய்ப் பார்க்கலாம், தண்ணீர் நன்றாக இருந்த வருடம் என்றால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இன்னும் குஞ்சுகளோடு ஊருக்குள் மரங்களில் இருக்கும். ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள், சத்தம் போடாமல் போய் வாருங்கள்.

எங்கள் வேலியில் ஓர் ஓணான் தலையும் கழுத்தும் இரத்தச் சிவப்பாக மாறி, ஆட்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. இரத்தம் உறிஞ்சும் என்று பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள். உண்மையா?

கொஞ்சமும் உண்மை இல்லை, தயவுசெய்து அந்தப் பையன்களிடம் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்கு வரும் நிறம், தொண்டையில் கறுப்புத் திட்டும் சேர்ந்து வரும். அது தலையாட்டுவது, முன்னங்காலை ஊன்றி எழும்பி எழும்பி இறங்குவது எல்லாம் பக்கத்து வேலியில் இருக்கும் இன்னொரு ஆணுக்கும், சுற்றியிருக்கும் பெண்ணுக்கும். 'இது என் இடம்' என்கிறது. இரண்டு ஆண்கள் மோதும்போது பாருங்கள், தோற்றதன் சிவப்பு கண்ணெதிரே வெளுத்துவிடும். அது தின்பது எறும்பு, வெட்டுக்கிளி, வண்டு.

நல்ல காட்சி இன்னொன்று பாக்கி இருக்கிறது. கோடை மழைக்குப் பிறகு மண் இளகியதும் பெண் ஓணான் வேலியை விட்டு இறங்கி, முன்னங்காலால் குழி தோண்டி, பத்து இருபது முட்டை இட்டு, மண்ணை மூடி, தலையால் அழுத்திச் சமன் செய்துவிட்டுப் போகும். திரும்பி வராது. ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் தாங்களே வெளியே வரும். பையன்கள் கல்லை எடுப்பதற்குப் பதில் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நாளை எண்ணினால், பள்ளியில் சொல்வதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கும்.

சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தோம்.

நீங்கள் பார்த்தது இரண்டு சாரைகள், பெரும்பாலும் இரண்டும் ஆண். முன் உடம்பை உயர்த்திப் பின்னிக்கொண்டு ஒன்றன் தலையை மற்றது தரையில் அழுத்தப் பார்க்கும், அது மல்யுத்தம், கடிப்பதில்லை. சாரையும் நல்ல பாம்பும் வேறு வேறு குடும்பம், சேரவே முடியாது. சாரைக்கு விஷம் இல்லை. நாயைக் கட்டிப் போட்டுவிட்டு, தூரத்தில் நின்று முழுதாகப் பாருங்கள்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை என்ன செய்வது? மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?

வாடைக் கதையை விடுங்கள், தாய்ப் பறவை அதற்காகக் குஞ்சை ஒதுக்காது. இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதிலேயே வைத்துவிடுங்கள். இறகு வந்து, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள், பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். இந்தப் பருவத்தில் "நாங்கள் காப்பாற்றி வளர்க்கிறோம்" என்று வரும் கடிதங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் காப்பாற்றத் தேவையே இல்லாத குஞ்சுகள்.

பெயர் தெரிந்துகொள்ளச் செயலி போதுமா, புத்தகம் வாங்கணுமா?

மெர்லின் பறவைக்கும், ஐநேச்சுரலிஸ்ட் செடிக்கும் பூச்சிக்கும் நன்றாகவே உதவும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பெயர் வந்ததும் போனை மூடிவிட்டு அடுத்ததைத் தேடிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர் கிடைத்த பிறகு பத்து நிமிடம் அங்கேயே இருங்கள். எதைத் தின்கிறது, யாரைத் துரத்துகிறது, வாயில் எதை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போகிறது? ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த பங்குனியில் அந்தக் குறிப்பு உங்களுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத விஷயத்தைச் சொல்லும், உங்கள் தெருச் சரக்கொன்றை எந்த வாரத்தில் பூத்தது என்பது வேறு யாரிடம் இருக்கும்? கூட்டின் படத்தை மட்டும் இடத்தோடு வெளியே போடாதீர்கள், படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கவும் கூடாது, அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல்.

கோடை மழை பெய்தால் உடனே எதைப் பார்க்க வேண்டும்?

ஈசலை. மழை விட்ட மாலையில் தரை விரிசலிலிருந்தும் கறையான் புற்றிலிருந்தும் கிளம்பும். கரிச்சானும் காகமும் பறந்தபடியே பிடிக்கும், பல்லியும் ஓணானும் தரையில் காத்திருக்கும், இருட்டியதும் தவளையும் சேர்ந்துகொள்ளும். விளக்குக்கு வந்து விழுந்தவற்றைப் பெருக்கித் தள்ளும் முன் குனிந்து பாருங்கள். இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு ஒன்று முன்னால் போகும், இன்னொன்று அதை ஒட்டியே பின்னால் போகும், முன்னது பெண், பின்னது ஆண். ஒரு இடுக்கு கிடைத்து இறங்கிவிட்டால் அங்கே புதுக் கறையான் கூட்டம் ஆரம்பம். மற்றவற்றைக் காப்பாற்ற நினைத்தால் வெளி விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள்.

மறுநாள் காலை செம்மண் தரையிலும் புல் ஓரத்திலும் தம்பலப்பூச்சியைத் தேடுங்கள், சிவப்பு வெல்வெட் துணியில் செய்தது போல எட்டுக் காலோடு ஊரும், சிலந்திக்குச் சொந்தம். கறையான்தான் அதன் தீனி, அதனால்தான் ஈசல் கிளம்பும் அதே மழைக்கு இதுவும் மேலே வருகிறது. தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வெயில் ஏறினால் மண்ணுக்குள் போய்விடும், ஆகவே எட்டு மணிக்கு முன்னால் போங்கள்.